பதினோரு புத்தகங்களும் ஒரு கண்ணீர்க் கதையும்

எங்கள் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்புக்குப் பிள்ளைகள் முப்பத்தாறு பேர், கதைப் புத்தகங்கள் பதினொன்று. கணக்குப் போட்டுச் சிரமப்பட வேண்டாம், நானே போட்டுவிட்டேன். ஒரு புத்தகத்துக்கு மூன்று பேரும் இன்னும் கொஞ்சமும். அந்தக் கொஞ்சத்தில் மாட்டும் பிள்ளைதான் தினமும் யாரையாவது கிள்ளும்.

அந்தப் பதினொன்றின் அருமை பெருமையையும் சொல்லிவிடுகிறேன். ஒன்றில் கடைசிப் பக்கம் இல்லை. காணாமல் போன ஆட்டுக்குட்டி வீட்டுக்குத் திரும்பியதா என்பது இந்த வகுப்பில் யாருக்கும் தெரியாது. இன்னொன்றில் முதல் ஐந்து பக்கங்கள் பசையால் ஒட்டிக்கொண்டதால் கதை நேராகக் கல்யாணத்தில் தொடங்கும். மூன்றாவது, கை கழுவுவது எப்படி என்று ஏதோ ஒரு சோப்புக் கம்பெனி இலவசமாகக் கொடுத்தது. அதையும் கதைப் புத்தகம் என்றுதான் பதிவேட்டில் எழுதியிருக்கிறார்கள். வில்லன் கிருமி.

பிள்ளைகளுக்கு இந்தப் பதினொன்றும் மனப்பாடம். பாடப்புத்தகமும் முதல் இரண்டு மாதத்தில் மனப்பாடம். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டும் தடங்கல் இல்லாமல் "வாசிப்பார்கள்". அதில் முதல் ஆள் ஒரு பெண்குழந்தை. வகுப்பில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். பதினோரு புத்தகத்தையும் வரிசையாக, ஏற்ற இறக்கத்தோடு, கல்யாண வீட்டில் வரும் மாமாவின் இருமலோடு சேர்த்துச் சொல்லி முடித்துவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பாள். கேட்டுக்கொண்டே இருக்கலாம் போலிருக்கும். நானும் கேட்டுக்கொண்டேதான் இருந்தேன்.

சிக்கல் எங்கே என்றால், வருடக் கடைசியில் வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வருவார். பிள்ளை முன்பின் பார்த்திராத ஒரு பக்கத்தை நீட்டி வாசிக்கச் சொல்வார். வாசிக்காத பிள்ளைக்கு இன்னொரு வருடம் இதே இரண்டாம் வகுப்பு, இதே பதினோரு புத்தகம். அதற்கு நான்கு மாதம்தான் இருந்தது. ரேடியோவுக்கு நிஜமாகவே வாசிக்கத் தெரியுமா, தெரியாதா என்பது எனக்குத் தெரியவில்லை. கரும்பலகையில் புதிதாக எழுதினால் ஒருத்தி சொல்வாள், முப்பத்தைந்து பேர் பின்பாட்டுப் பாடுவார்கள். தனியாகக் கூப்பிட்டு ஒரு துண்டுத் தாளில் எழுதி நீட்டினால் அவளுக்கு உடனே பாத்ரூம் வந்துவிடும். போய்விட்டு வா என்று நானும் அனுப்பிவிடுவேன். உண்மையைச் சொன்னால், தெரிந்துகொள்ளப் பயமாக இருந்தது. தெரிந்துவிட்டால் அப்புறம் எதை வைத்துச் சொல்லிக் கொடுப்பது? சோப்புக் கம்பெனியை வைத்தா?

புத்தகம் கேட்டுக் கல்வி அலுவலகத்துக்கு முன்பிருந்தே கடிதம் எழுதிக்கொண்டுதான் இருந்தேன். ஒன்றரை வருடத்தில் ஐந்து கடிதம். முதல் கடிதம் கிடைத்தது என்று பதில் வந்தது. இரண்டாவதற்கு, உரிய படிவத்தில் எழுதவும் என்றார்கள். படிவத்தில் எழுதினேன், அது பழைய படிவம் என்றார்கள். புதிய படிவத்தில் எழுதினேன், தலைமையாசிரியர் வழியாக வரவில்லை என்றார்கள். அவர் வழியாக அனுப்பிய ஐந்தாவது கடிதத்துக்குப் பதிலே இல்லை. தப்புக் கண்டுபிடிக்க ஒன்றும் அகப்படவில்லை போலும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

எங்கள் தலைமையாசிரியையைப் பிள்ளைகள் பெரிய டீச்சர் என்பார்கள். ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதம். அதுவரை எதையும் பார்க்காமல் இருப்பது என்று முடிவு செய்திருந்தார். கூரை ஒழுகினால் குடையை விரித்துக்கொண்டு, "நான் இதப் பார்க்கல" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அவ்வளவு நல்ல மனுஷி.

இந்த நிலைமையில்தான் என் கொழுந்தன் உள்ளே வந்தான். விளம்பரக் கம்பெனியில் வாசகம் எழுதுபவன். சுவரொட்டிகளில் ஒரு குடும்பமே கைபேசியைப் பார்த்து ஈயென்று இளித்துக்கொண்டிருக்குமே, அதற்குக் கீழே இரண்டு வரி இருக்கும். அந்த இரண்டு வரி இவனுடையது. ஞாயிறு தவறாமல் சாப்பிட வருவான். சாப்பிட்டுக்கொண்டே என் ஐந்து கடிதக் கதையைக் கேட்டுவிட்டு, இந்தக் காலத்தில் யாராவது ஆபீசுக்குக் கடிதம் எழுதுவார்களா அண்ணி என்று பரிதாபப்பட்டான். ஊரார் உதவி செய்வதற்கென்றே இணையதளம் இருக்கிறதாம். வகுப்புக்கு என்ன வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதிப் போட்டால் போதுமாம். முன்பின் தெரியாதவர்கள் பணம் அனுப்புவார்களாம். தெரிந்தவர்களிடம்தான் கேட்கக்கூடாதாம்.

நான் எழுதினேன். முப்பத்தாறு பிள்ளைகள், பதினோரு புத்தகங்கள், எல்லாம் மனப்பாடம், வாசிக்கப் புதிய புத்தகம் இருநூறு வேண்டும். ஒரு வார்த்தை பொய் இல்லை. ஒரு வார்த்தை அதிகமும் இல்லை. ஒன்பது நாளில் ஒரே ஒருவர் பணம் அனுப்பினார். அது என் அக்கா. அனுப்பிய பத்தாவது நிமிஷம் ஃபோன் செய்து, ஒரு பூஜ்யம் கூடுதலாக விழுந்துவிட்டது, திருப்பி எடுக்க வழி இருக்கிறதா என்று கேட்டாள்.

பத்தாம் நாள் அந்த இணையதளத்திலிருந்து ஓர் ஆலோசகர் பேசினார். தேன் குரல். என் பக்கத்தில் தகவல் இருக்கிறதாம், ஆனால் மனதைத் தொடவில்லையாம். பிள்ளைகளில் யாராவது சாப்பிடாமல் வருகிறார்களா என்று ஆர்வமாகக் கேட்டார். நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வந்து என் உயிரை வாங்குகிறார்கள் என்றேன். செருப்பு இல்லாமல்? எல்லோருக்கும் இருக்கிறது, சிலருக்கு விளக்கு எரியும் செருப்பு. ஒவ்வொரு பதிலுக்கும் அந்தக் குரல் வாடிக்கொண்டே போனது. என் வகுப்பில் போதிய துயரம் இல்லாததற்காக நான் மன்னிப்புக் கேட்காத குறைதான்.

கொழுந்தனுக்கு இதைக் கேட்டதும் உற்சாகம் பிடித்துக்கொண்டது. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, எழுந்து கைகூடக் கழுவாமல், இடது கையாலேயே என் பக்கத்தைத் திருத்தி எழுதினான். அதில் ஒரு சிறுமி வந்தாள். அவள் கையில் நக அளவுக்குத் தேய்ந்த ஒரு பென்சில் துண்டு. விரல் வலிக்க வலிக்க எழுதுகிறாள். புதுப் பென்சில் வாங்கித் தர வீட்டில் வழி இல்லை. பிள்ளை பள்ளிக்கூடம் போகிறதா என்று கவலைப்படவும் ஆள் இல்லை. கடைசி வரி தனியாக, கொட்டை எழுத்தில்: இந்தக் குழந்தைகளுக்கு உங்களை விட்டால் யாரும் இல்லை.

என் வகுப்பில் அப்படி ஒரு பிள்ளை கிடையாது என்றேன். புத்தகம் என்ற வார்த்தையையே காணோமே என்றும் கேட்டேன்.

"கல்வி உபகரணம்னு போட்டிருக்கேன்ல அண்ணி, அதுல புத்தகமும் அடக்கம்" என்றான். "உங்களுக்குப் புத்தகம் வேணுமா, உண்மை வேணுமா?"

நான் ரேடியோவை நினைத்தேன். நான்கு மாதத்தை நினைத்தேன். பொத்தானை அழுத்தியது என் விரல்தான், கொழுந்தன் தலையில் அந்தப் பழியைப் போட மாட்டேன்.

அடேயப்பா, என்ன கொட்டு கொட்டியது. நான்கே நாளில் கேட்டதில் எண்பது சதவீதம் வந்துவிட்டது. ஒருவர் தன் பிறந்தநாள் விருந்தை ரத்து செய்துவிட்டேன் என்று எழுதியிருந்தார். ஓய்வு பெற்ற ஒரு பொறியாளர் அலுவலகப் பேருந்தில் உட்கார்ந்து அழுதாராம். ஓய்வு பெற்றவருக்கு அலுவலகப் பேருந்தில் என்ன வேலை என்று எனக்குப் புரியவில்லை, ஆனால் அழுதது உண்மையாகத்தான் இருக்கும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானே அந்தப் பக்கத்தை மறுபடி படித்தபோது எனக்கும் கண் கலங்கியது. அந்தப் பெற்றோர் மேல் கோபம்கூட வந்தது.

அந்தத் தளத்தின் விதி என்னவென்றால், குறித்த நாளுக்குள் முழுத்தொகையும் சேராவிட்டால் வந்ததெல்லாம் அனுப்பியவர்களுக்கே திரும்பிப் போய்விடும். மூன்று நாள் பாக்கி இருந்தபோது தேன் குரல் மறுபடி பேசியது. மிச்ச இருபது சதவீதத்தை ஒரு பெரிய நிறுவனம் தர முன்வந்திருக்கிறதாம். இரண்டே நிபந்தனை. இன்று மாலை ஆறு மணிக்குள் என் பக்கத்தை நான் முப்பது வாட்ஸ்அப் குழுக்களில் பகிர வேண்டும். நாளை காலை அவர்களுடைய புகைப்படக்காரர் வந்து வகுப்பைப் படம் எடுப்பார்.

மணி ஐந்தேகால். முப்பது குழுவுக்கு எங்கே போவது என்று முதலில் திகைத்தேன். அப்புறம் பார்த்தால் என் கைபேசியில் இல்லாத குழு இல்லை. ஆசிரியர்கள், பழைய ஆசிரியர்கள், அடுக்ககத் தண்ணீர்ப் பிரச்சினை, அடுக்ககத் தண்ணீர்ப் பிரச்சினை புதியது, நாத்தனார் மகள் கல்யாணம், அந்தக் கல்யாணத்துப் புடவை விவகாரம் தனியாக, முதுகு வலிக்கு யோகா. பெயரைப் படிக்க ஏது நேரம்? மேலிருந்து கீழே வரிசையாக ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டு அனுப்பினேன். ஆறு அடிக்க மூன்று நிமிஷம் இருக்கும்போது முப்பதும் முடிந்தது. நிம்மதியாக ஒரு டீ போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து, யார் யார் பார்த்தார்கள் என்று விரலால் தள்ளிக்கொண்டே போனேன்.

இருபத்தொன்பதாவது குழுவின் பெயர் "இரண்டாம் வகுப்பு பெற்றோர்".

வழக்கமாக அந்தக் குழுவில் நாலு தூறல் போட்டால் போதும், நாளைக்கு ஸ்கூல் உண்டா என்று ஒருவர் கேட்பார், தெரியாது என்று முப்பது பேர் பதில் சொல்வார்கள். அன்றைக்கு ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. படித்துவிட்டார்கள் என்பதற்கு மட்டும் அடையாளம் விழுந்துகொண்டே இருந்தது. நான் அவசரமாக அழித்தேன். "இந்தச் செய்தி அழிக்கப்பட்டது" என்று ஒரு வரி வந்து அங்கே உட்கார்ந்துகொண்டது. திருடிவிட்டுக் கையெழுத்தும் போட்டுவிட்டு வந்த கணக்குதான். விளக்கம் எழுத ஆரம்பித்தேன், நாலைந்து முறை எழுதி அழித்தேன். கடைசியில் கைபேசியை அரிசி டப்பா மேல் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை பள்ளிக்கூட வாசலில் பெற்றோர் எல்லோரும் எப்போதும்போல வந்தார்கள். என்னைப் பார்த்தார்கள். தினமும் கையசைப்பவர்கள் கையசைக்கவில்லை, அவ்வளவுதான். சண்டைக்கு வந்திருந்தால்கூட நான் சமாளித்திருப்பேன். ஒரு தச்சர், அவர் மகன் என் வகுப்பில் இரண்டாவது வரிசை, பிள்ளையின் சட்டைக் காலரை இரண்டு முறை சரிசெய்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் திரும்பிப் போனார்.

வகுப்புக்குள் போனேன். முப்பத்தாறு பேரும் இஸ்திரி போட்ட சீருடையில் உட்கார்ந்திருந்தார்கள். தலை படியப் படிய வாரியிருந்தது. சிலர் செருப்புக்குப் பதிலாக ஷூ போட்டு, அதைத் துடைத்திருந்தார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கு முன்னாலும் மேஜைமேல் பென்சில். ஒன்று இரண்டு அல்ல. பன்னிரண்டு பென்சில் உள்ள பெட்டி, இருபத்துநான்கு வண்ணப் பென்சில், பின்னால் பொம்மைத் தலை வைத்த பென்சில். தச்சர் மகன் புதுப் பெட்டியோடு அப்பா மரத்தில் கோடு போடும் தட்டைப் பென்சிலையும் கொண்டுவந்து வைத்திருந்தான். ராத்திரியோடு ராத்திரியாக எத்தனை கடை ஏறி இறங்கினார்களோ. எனக்குக் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பதினேழு வருட வேலையில் அப்படி நான் கூனிக் குறுகியதில்லை.

அந்தச் சமயம் பார்த்துப் புகைப்படக்காரர் வந்து சேர்ந்தார். தோளில் இரண்டு கேமரா. கதவருகே நின்று வகுப்பை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, இது வேறு வகுப்பா என்று கேட்டார். இதுதான் என்றேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. பென்சில்களை ஒரு பத்து நிமிஷம் எடுத்து வைத்துவிட முடியுமா என்று பணிவாகக் கேட்டார். தலைமுடியைக் கொஞ்சம் கலைத்துவிடலாமாம். ஜன்னலோரம் சுண்ணாம்பு உதிர்ந்த இடம் அருமையாக இருக்கிறதாம், அங்கே ஒரு நாலு பேரைத் தரையில் உட்கார வைக்கலாமாம். பெரிய டீச்சர் வராந்தாவில் வந்து எட்டிப் பார்த்தார். நான் இதைப் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

பத்து நிமிஷம். பத்தே நிமிஷம் பென்சில் இல்லாமல் இருந்தால் இருநூறு புத்தகம். நேற்றே பொய் சொல்லியாகிவிட்டது, இன்றைக்குப் பாதியில் விட்டால் பொய்யும் மிச்சம், புத்தகமும் இல்லை என்று எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன். காலி சாக்பீஸ் பெட்டி ஒன்றை எடுத்தேன். ஃபோட்டோ எடுத்ததும் திருப்பித் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டே வரிசையாகப் போனேன். பிள்ளைகள் போட்டார்கள். டீச்சர் கேட்டால் கொடுத்துவிடும் வயது. மூன்றாவது வரிசையில் ரேடியோ பென்சில் பெட்டியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா யார்கிட்டயும் குடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"டீச்சர்கிட்டகூடவா?"

"உங்களத்தான் சொன்னாங்க டீச்சர்."

அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவே. புகைப்படக்காரர் தன் கேமராவின் பொத்தான்களை மும்முரமாக ஆராய்ந்தார்.

நான் திரும்பி நடந்து, வாங்கிய பென்சில்களையெல்லாம் திருப்பிக் கொடுத்தேன். எது யாருடையது என்று கண்டுபிடிக்க இருபத்தைந்து நிமிஷம் ஆனது. பொம்மைத் தலைப் பென்சிலுக்கு நான்கு பேர் உரிமை கொண்டாடினார்கள். அப்புறம் புகைப்படக்காரரிடம், இருப்பதை இருக்கிறபடி எடுங்கள், இல்லாவிட்டால் ஆளை விடுங்கள் என்றேன். பாவம், எடுத்தார். முப்பத்தாறு பிள்ளைகளும் பென்சிலை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மத்தியானம் தேன் குரலிலிருந்து செய்தி வந்தது. படத்துக்கும் குறிப்பிட்ட தேவைக்கும் பொருத்தமில்லாத காரணத்தால் என் பக்கம் நிறுத்தப்பட்டதாம், தொகைகள் திருப்பி அனுப்பப்படுமாம். முதலில் கிடைத்தது என் அக்காவுக்கு. ஃபோன் செய்து, பரவாயில்லையே, நேர்மையான கம்பெனி என்று பாராட்டினாள்.

சாயங்காலம் பள்ளி விட்டதும் ரேடியோவின் அம்மா வாசலில் நின்றிருந்தார். அடுக்குமாடி வாகன நிறுத்தத்தில் சீட்டுக் கிழிப்பவர். வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். ஒளிரும் மேல்சட்டையைக்கூடக் கழற்றவில்லை. மகளைக் கொஞ்சம் தள்ளிப் போய் விளையாடச் சொல்லிவிட்டு என்னிடம் வந்தார்.

"அந்தப் பென்சில் துண்டுப் புள்ள, என் பொண்ணா டீச்சர்?"

இல்லை என்றேன். யாருமே இல்லை, சும்மா எழுதியது என்றேன்.

"அப்ப நேத்து முப்பத்தாறு வீட்டுலயும் தன் புள்ளதானோன்னு நெனச்சுக்கிட்டிருந்தாங்க" என்றார். "யாரும் இல்லைன்னு எழுதியிருக்கீங்க. தெனம் காலைல இந்தக் கேட்டுல வந்து நிக்கறவங்க எல்லாம் யாரு?"

அவர் கத்தியிருந்தால் நானும் என் பங்குக்குக் கத்தியிருப்பேன், ஒருவழியாக முடிந்திருக்கும். அவர் பதிலுக்குக் காத்திருந்தார். வேறு வழி தெரியாமல் அவரை வகுப்புக்குள் கூட்டிக்கொண்டு போய் அலமாரியைக் காட்டினேன். அவர் புத்தகங்களை விரலால் தொட்டு எண்ணினார். இவ்வளவுதானா என்றார். மீதி எங்கே என்று தேடுவதுபோல அலமாரிக்குப் பின்னாலும் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஐந்து கடிதம், உண்மையை எழுதிய முதல் பக்கம், அக்காவின் பூஜ்யம், கொழுந்தனின் இடது கை. ரேடியோவைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. தெரியாத ஒன்றை எப்படிச் சொல்வது என்று சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

"இத எங்ககிட்ட ஏன் சொல்லல?"

உங்களிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அதைச் சொல்லாமல் புத்தகங்களை மறுபடி அடுக்கினேன். அவருக்கே புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

"ஆபீஸ்காரர் உங்களுக்குப் பதில் சொல்ல மாட்டாரு. உங்களுக்கு வேலை இருக்கு, பயம் இருக்கு" என்றார். "எங்கள என்ன பண்ணுவாரு?"

அன்று மாலை பெற்றோர் குழுவில், அழிக்கப்பட்ட என் செய்திக்குக் கீழே, தச்சர் ஒரு வரி எழுதினார். நாளைக் காலை ஒன்பது மணி, கல்வி ஆபீஸ். ஸ்கூல் உண்டா என்று ஒருவரும் கேட்கவில்லை.

இருபத்துமூன்று பேர் போனார்களாம். அந்த அலுவலகத்தில் வந்தவர்கள் உட்கார ஆறு நாற்காலிதான், மற்றவர்கள் அதிகாரியின் அறைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார்கள். நடந்ததைத் தச்சர் பிற்பாடு எனக்குச் சொன்னார். அதிகாரி கோப்பு நகர்ந்துகொண்டிருக்கிறது என்றாராம். எங்கே நகர்கிறது என்று காட்டுங்கள், நாங்களும் கூடவே வருகிறோம் என்றார்களாம். படிவம் கேட்டாராம். பழைய படிவம், புதிய படிவம், படிவமே இல்லாத வெள்ளைத்தாள் எல்லாவற்றிலும் இருபத்துமூன்று பேரும் தனித்தனியாக எழுதிக் கொண்டுபோயிருந்தார்கள். ஐந்தே நிமிஷம், இதோ வந்துவிடுகிறேன் என்று வெளியே கிளம்பினாராம் அதிகாரி. ஐந்தே நிமிஷம் என்று சொல்லிவிட்டு வண்டியைப் போட்டுப் போகிறவர்களை நாளெல்லாம் பார்க்கிற ரேடியோவின் அம்மா, சாப்பாட்டைக் கட்டி எடுத்து வந்திருக்கிறேன், நிதானமாக வாருங்கள் என்றாராம். இரண்டாம் நாளும் போனார்கள். மூன்றாம் நாள் இன்னும் ஏழு பேர் கூடுதலாகப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை ஒரு வேன் வந்தது. அதில் இருநூற்றுப் பதினாறு புத்தகங்கள், கட்டுக் கட்டாக. எல்லாவற்றின் மேலும் ஒரு விரல் தூசி. இரண்டு வருடமாக அந்த அலுவலகத்தின் பின்னறையிலேயே எங்கள் பள்ளிப் பெயர் எழுதி அடுக்கி வைத்திருந்தார்களாம். ரசீதில் தேதி இரண்டு வருடத்துக்கு முந்தியது. நாங்கள் அப்போதே பெற்றுக்கொண்டதாக அர்த்தம். அதே வேனில் எனக்கு ஒரு மெமோவும் வந்தது. போதுமான புத்தகங்கள் வழங்கப்பட்டிருக்கும்போது, இல்லை என்று இணையத்தில் எழுதித் துறைக்கு அவப்பெயர் உண்டாக்கியது ஏன், ஏழு நாளில் விளக்கம் தரவும். கடிதம் எழுதுவதில் எனக்கு நல்ல பழக்கம் இருப்பதால் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. பெரிய டீச்சர் புத்தகங்களைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் பார்க்க வேண்டியதாகிவிட்டது. முத்திரை குத்திப் பதிவேட்டில் ஏற்றும்வரை பீரோவில் வைத்துப் பூட்டிவிடலாம் என்றார். கட்டுகளைத் தூக்க வந்திருந்த பெற்றோர் எட்டுப் பேர், முத்திரையைக் கொடுங்கள் என்று வாங்கி, அங்கேயே தரையில் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரத்தில் குத்தித் தள்ளிவிட்டார்கள். சில புத்தகங்களில் சிங்கத்தின் மூக்கு மேலேயே பள்ளிப் பெயர் விழுந்திருக்கிறது.

பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தேன். ஆளுக்கு ஒன்று. கொடுத்த பிறகும் மேஜையில் மலை போல மீதி இருந்ததைப் பார்த்து எனக்குத் தலைகால் புரியவில்லை. ரேடியோ தன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, கடைசிக் கட்டை இறக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் ஓடினாள்.

"அம்மா, நான் வாசிக்கறேன், கேளு."

முதல் பக்கத்தில் ஒரு பேருந்துப் படம். நிறையப் பேர் படிக்கட்டில் நின்றார்கள். ரேடியோ விரலை வரி மேல் வைத்து, கணீரென்று தொடங்கினாள். பஸ் வந்தது. எல்லோரும் ஓடி ஓடி ஏறினார்கள். உள்ளே இடமே இல்லை. என்ன அழகான ஏற்ற இறக்கம். அவள் அம்மா மேல்சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, மகளின் தோளுக்கு மேலாகக் குனிந்து புன்னகையோடு கேட்டார். நானும் பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

அந்தப் பக்கத்தில் இருந்தது ஒரே வரி. இன்று ஓட்டுநர் வரவில்லை.

அம்மாவின் கண் அந்த வரியில் ஒருமுறை போய் வந்தது. மறுபடி போனது. புன்னகை அப்படியே நின்றுவிட்டது. ரேடியோ பக்கத்தைத் திருப்பி, அடுத்த படத்தையும் அதே குரலில் வாசித்தாள். அதுவும் அங்கே எழுதியிருக்கவில்லை.

"வீட்டுல தெனம் எனக்கு வாசிச்சுக் காட்டுவா டீச்சர்" என்றார் அவர், என்னைப் பார்க்காமல். "நான் சமைச்சுக்கிட்டே கேப்பேன். ஒரு நாள்கூட புத்தகத்தப் பார்த்ததில்ல."

"நானும் பார்க்கலம்மா" என்றேன்.

ரேடியோ வாசிப்பதை நிறுத்திவிட்டு எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "தப்பா டீச்சர்?" என்றாள்.

அவள் அம்மா இரண்டாம் வகுப்பின் குட்டி நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு, முழங்கால் மேஜையில் இடிக்க உட்கார்ந்தார். மூன்று மணிக்குத்தான் தனக்கு வேலை என்றார். நான் மறுபக்கம் உட்கார்ந்தேன். புத்தகத்தை முதல் பக்கத்துக்குத் திருப்பி, முதல் எழுத்தைத் தவிர மற்றதையெல்லாம் கையால் மறைத்துக்கொண்டேன். இது என்ன என்று கேட்டேன்.

அவள் அதையே வெகுநேரம் பார்த்தாள். அப்புறம், தெரியாது என்றாள்.